மாணவர் ஆக்கும் மர்மப்படமும் அதன் பார்வையாளரும்: பூண்டுலோயாவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

கலைப்படைப்பொன்று யாருக்காக ஆக்கப்படுகிறது என்னும் வினா, அது எவ்வாறு ஆக்கப்படுகிறது என்னும் வினாவிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. இலக்கியத் திறனாய்வில் இவ்வுண்மை நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்துள்ளது. தமிழ் நாவலின் வளர்ச்சியைச் சமூக வரலாற்றோடு பொருத்தி நோக்கிய பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) வெளிவந்த பின்னர், வாசகர் யாவர் என்பதை ஒதுக்கிவிட்டு நாவலைப் பற்றிப் பேசுதல் அரிதாயிற்று. திரைப்படத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறானது. 'பார்வையாளர்' என்னும் சொல் இத்துறையிலே பெரும்பாலும் விளம்பர நிறுவனங்களிடமிருந்து கடனாகப் பெற்ற பொருளிலேயே வழங்கி வருகிறது.

க.பொ.த. உயர்தர வகுப்பிலே 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. பல்கலைக்கழக மாணவரும் பாடசாலை மாணவரும் கைபேசியைக் கொண்டே குறும்படங்களை ஆக்கும் காலம் இது. அவர்கள் பெரிதும் விரும்பித் தேர்ந்துகொள்வது மர்மப்படத்தையே. இவ்விருப்பத்திற்குப் பொருளியற் காரணமும் உண்டு. இரண்டு மூன்று நடிகர், ஒரு வீடு, ஓர் இரவு, தக்க ஒலி ஆகியன இருப்பின் அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் தோற்றுவித்துவிடலாம். வரலாற்றுப் படத்திற்கோ சமூகப் படத்திற்கோ வேண்டப்படும் செலவு இதற்கு வேண்டியதில்லை. ஆனால் படப்பிடிப்பைத் தொடங்குமுன் அம்மாணவர் ஒரு வினாவுக்கு விடையளிக்க வேண்டியுள்ளது. 'உமது படத்தின் இலக்குப் பார்வையாளர் யார்?' என்பதே அவ்வினா. விடையும் பெரும்பாலும் ஒரே வகையில் அமைகிறது: வயது பதினைந்து முதல் இருபத்தைந்து வரை; இருபாலார்; நகர்ப்புறம் சார்ந்தோர்; மர்மப்படங்களில் ஆர்வமுடையோர்.

இத்தகைய மாணவர் குழுவொன்று நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாவில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே, ஒரு மர்மப்படத்தை ஆக்க முனைகிறது எனக் கொள்வோம். மேற்கூறிய விடை அக்குழுவினருக்கு எவ்வகையில் உதவும்? அது எவற்றை அவர்களிடமிருந்து மறைக்கும்? இவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். மர்மப்படத்தின் பார்வையாளர் வயதாலும் பாலாலும் தீர்மானிக்கப்படுவதில்லை; கதையினுள் அறிவு எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதே அவர்களைத் தீர்மானிக்கிறது என்பது ஈண்டு நிறுவ முயலப்படும் கருத்தாகும்.

2

'இலக்குப் பார்வையாளர்' என்னும் கருத்தாக்கத்தின் பிறப்பிடத்தை முதலில் நோக்குதல் தகும். கனடாவைச் சேர்ந்த தொடர்பியல் அறிஞர் டல்லஸ் ஸ்மைத், 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், வணிக ஊடகங்கள் உற்பத்தி செய்து விற்கும் பண்டம் நிகழ்ச்சியன்று, பார்வையாளரே என வாதிட்டார். விளம்பரதாரர் விலைகொடுத்து வாங்குவது குறித்த வயதும் வருவாயும் உடைய ஒரு கூட்டத்தாரின் கவனத்தையே என்பது அவரது வாதம். வயது, பால், வருவாய் என்னும் கட்டங்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காகவே வகுக்கப்பட்டவை. சவர்க்காரம் விற்பவனுக்கு அவை பயன்படும். விளம்பரமும் விற்பனையும் இல்லாத மாணவர் படமொன்று அதே கட்டங்களைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும்போது, தனக்குத் தேவையற்ற ஒரு சந்தையின் கருத்துநிலையையும் உடன் ஏற்றுக்கொள்கிறது.

உற்பத்திக்கும் நுகர்வுக்கும் இடையிலான தொடர்பை 1857இல் ஆராய்ந்த மார்க்ஸ், உற்பத்தியானது நுகர்வோனுக்கான பொருளை மட்டுமன்றி அப்பொருளுக்கான நுகர்வோனையும் படைக்கிறது என விளக்கினார். கலைப்பொருள் தன்னைச் சுவைக்கவல்ல மக்களைத் தானே உருவாக்குகிறது என்பது அவ்விளக்கத்தின் ஒரு பகுதி. இதன்படி நோக்கின், பார்வையாளர் எங்கோ ஆயத்தமாக அமர்ந்திருக்க, அவர்களை நோக்கி எய்யப்படும் அம்பாகப் படத்தைக் கருதுதல் பொருந்தாது. ஒவ்வொரு படமும் தன் பார்வையாளனுக்கு ஓர் இருக்கையைத் தன்னுள்ளே அமைக்கிறது. அவ்விருக்கையில் யார் இயல்பாக அமர இயலும், யார் அமர இயலாது என்பதே வினா.

தமிழ்ச் சூழலில் இருக்கை என்பது உருவகம் மட்டுமன்று. பேராசிரியர் கா. சிவத்தம்பி, அரசியற் தொடர்பூடகமாகத் தமிழ்த் திரைப்படத்தை ஆராய்ந்த தமது ஆங்கில நூலில் (1981), தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதலாவது ஆற்றுகைக் களம் திரையரங்கே எனக் காட்டினார். கோவிலிலும் சதிர்க் கச்சேரியிலும் பிறப்பு இடத்தைத் தீர்மானித்தது. திரையரங்கில் நுழைவுச்சீட்டின் விலை தீர்மானித்தது. இம்மாற்றம் முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. எனினும் எல்லோரையும் உள்ளே அனுமதித்த அரங்கு, எல்லோரையும் கதையினுள் அனுமதித்ததா என்பது வேறு வினா. மர்மப்படத்தை ஆராயுமிடத்து இவ்வினா கூர்மை பெறுகிறது.

3

மர்மக் கதையின் உயிர்நாடி அறிவின் ஏற்றத்தாழ்வே. கதையில் ஒருவன் அறிந்ததை இன்னொருவன் அறியான். பார்வையாளன் சில வேளை இருவரிலும் கூடுதலாகவும் சில வேளை இருவரிலும் குறைவாகவும் அறிவான். நெறியாளர் அல்பிரட் ஹிச்கொக் இதனை எளிய உதாரணத்தால் விளக்குவார். மேசைக்கடியில் குண்டு இருப்பதை அறியாது அது வெடிக்கக் காண்பவர் கணநேர வியப்பையே அடைவர். குண்டு இருப்பதை முன்னரே அறிந்தோர், அங்கு அமர்ந்து உரையாடுவோரை எண்ணி நெடுநேரம் பதைப்பர். முன்னையது திடுக்கம், பின்னையது பதைப்பு.

துப்பறியும் கதையின் செல்வாக்குக்கு பேர்டோல்ட் பிரெக்ட் கூறிய காரணமும் இத்துடன் தொடர்புடையது. நெருக்கடிகளின் பின்னால் உண்மையில் நிகழ்ந்தது யாது என்பதைச் செய்திகளால் அறிய இயலாத மக்கள், காரண காரியத் தொடர்பைக் கண்டறியும் இன்பத்தை இக்கதைகளிற் பெறுகின்றனர் என அவர் கருதினார். மறுபுறத்தில் எர்னஸ்ட் மண்டேல், குற்றக்கதையின் சமூக வரலாற்றை ஆராய்ந்த தமது நூலில் (1984), குற்றத்தைத் தனிமனிதச் சிக்கலாகச் சுருக்கிக் குலைந்த ஒழுங்கை மீண்டும் நிலைநிறுத்தும் முதலாளித்துவக் கருத்துநிலையை அதிற் கண்டார். இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், மர்மக் கதையின் இரு முகங்களையே அவை காட்டுகின்றன எனலாம். மறைந்திருக்கும் காரணத்தைத் தேடும் வேட்கை அதன் ஒரு முகம். அவ்வேட்கையைப் பாதுகாப்பான விடையொன்றால் அடக்கிவிடுதல் மறுமுகம்.

தமிழில் இவ்வடிவத்திற்கு நீண்ட மரபு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் வாசகரைப் பெருக்கின. திரையில் எஸ். பாலசந்தர் நெறிப்படுத்திய 'அந்த நாள்' (1954) ஒரு திருப்புமுனை. பாடலும் நடனமும் இன்றி, 1943இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய வேளையில் நிகழ்ந்த ஒரு கொலையைப் பலர் வாய்மொழியாக ஆராய்ந்த படம் அது. திறனாய்வாளர் இன்றுவரை அதனைப் போற்றுகின்றனர். வெளிவந்த காலத்திலோ பெரும் வணிக வெற்றி அதற்குக் கிட்டவில்லை. பாடல் இல்லாமையைத் தோல்விக்குக் காரணமாகக் கூறுவோர் உளர். அறிவுப் பங்கீட்டின் அடிப்படையில் நோக்கின் வேறொன்றும் புலப்படும். அப்படத்தின் பார்வையாளன் புலனாய்வு அதிகாரியின் தோளுக்குப் பின்னால் அமர்த்தப்படுகிறான். சாட்சியங்களை ஒப்பிட்டு எடைபோடும் அவ்விருக்கை கற்றறிந்த மத்தியதர வர்க்கத்தினனுக்கு இயல்பானது. வாழ்க்கையில் சாட்சி கூறும் இடத்திலேயே எப்போதும் நிறுத்தப்பட்டுப் பழகியவனுக்கு அது அத்துணை இயல்பானதன்று.

4

மாணவர் ஆக்கிய மர்மப்படம் என்னும் வகைக்குத் தமிழில் தலைசிறந்த உதாரணம் 'ஊமை விழிகள்' (1986). சென்னை அடையாற்றுத் திரைப்படக் கல்லூரியிற் பயின்றோர் ஒன்றுசேர்ந்து ஆக்கிய படம் இது. ஆபாவாணன் கதை எழுதித் தயாரித்தார், ஆர். அரவிந்தராஜ் நெறிப்படுத்தினார்; ஏ. ரமேஷ்குமார் ஒளிப்பதிவு செய்தார். அகலத்திரைப் படமாக அது வெளிவந்தது. திரைப்படக் கல்லூரி மாணவர் என்றால் சிலருக்கு மட்டும் விளங்கும் கலைப்படம் எடுப்போர் என்றிருந்த எண்ணத்தை இப்படத்தின் பெருவெற்றி மாற்றியது. அதன் பின்னரே அக்கல்லூரியிலிருந்து வந்தோருக்கு வணிகத் திரையுலகின் கதவு அகலத் திறந்தது. ஆர். கே. செல்வமணியின் 'புலன் விசாரணை' (1990) இப்பாதையிலே தோன்றிய மற்றொரு குற்றப்படமாகும்.

இப்படத்தின் வெற்றிக்குக் காரணம் யாது? விஜயகாந்த், ஜெய்சங்கர், ரவிச்சந்திரன், சந்திரசேகர், கார்த்திக், அருண்பாண்டியன், சரிதா, ஸ்ரீவித்யா முதலிய நடிகர் பட்டியல் ஒரு காரணமாகலாம். ஆயின் அது முழுக் காரணமன்று. நகருக்கு வெளியேயுள்ள உல்லாச விடுதியொன்றை நாடிவரும் இளம்பெண்கள் மறைந்துபோகின்றனர். நாளிதழொன்றைச் சேர்ந்தோர் உண்மையைத் தேடி இழப்புகளுக்கு உள்ளாகின்றனர். நேர்மையான பொலிஸ் அதிகாரி அவர்களுக்குத் துணையாகிறார். இக்கதையில் அவ்விடம் கொலைக்களம் என்பதைப் பார்வையாளன் கதைமாந்தரை முந்தி அறிந்துகொள்கிறான். கொலையாளி யார் என்னும் புதிர் படத்தின் முழுப் பாரத்தையும் தாங்கவில்லை. செல்வமும் செல்வாக்கும் உடைய ஒருவனுக்கு எதிராக அறிந்த உண்மையை மெய்ப்பிக்க இயலுமா என்பதே பாரத்தைத் தாங்குகிறது. சாதாரண மக்களின் அன்றாட அனுபவமும் இதுவேயன்றோ? யார் செய்தார் என்பது ஊருக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது. இவ்வனுபவத்தை உடையோர் அனைவருக்கும் அப்படத்தினுள் இருக்கை இருந்தது. தொழில்நுட்பம் கற்ற மாணவர் தம் கல்வியை அந்த இருக்கையை அமைப்பதற்கே பயன்படுத்தினர் என்பது அவர்தம் சாதனை.

இப்படத்தில் இடம்பெற்ற நம்பிக்கைப் பாடலொன்று ஈழத் தமிழரிடையே பெற்ற வாழ்வு இவ்விடத்து நினைத்தற்குரியது. துவண்ட பத்திரிகையாளரைத் தேற்ற எழுந்த அப்பாடல், கதையினின்று முற்றாகப் பிரிந்து, போர்க்காலத்திலே ஒரு மக்கட்கூட்டத்தின் குரலாக ஒலித்தது. அடையாற்று மாணவர் எவரும் எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்க இயலாத பார்வையாளர் அவர்கள். தோல்வியின் நடுவே நின்று உண்மையைக் கூற விரும்புவோனின் இருக்கை அப்படத்தில் இருந்தமையாலேயே, கடல் கடந்த மக்கள் அதில் வந்து அமர்ந்தனர்.

எனினும் இப்படத்தின் எல்லையையும் கூறாதுவிடல் நேர்மையன்று. பத்திரிகையாளருக்குக் குரல் உண்டு. பொலிஸ் அதிகாரிக்குக் குரல் உண்டு. மறைந்த பெண்களுக்கு இல்லை. படத்தின் தலைப்பே அதனை ஒப்புக்கொள்கிறது. அதிகாரத்திற்கும் கொலைக்கும் உள்ள தொடர்பைத் துணிந்து தொட்ட கதை, இறுதியில் குற்றத்தின் காரணத்தை ஒரு தனிமனிதனின் உளக்கோளாற்றிலும் பெண்வெறுப்பிலும் கண்டு அமைதியடைகிறது. மண்டேல் சுட்டிய மறுமுகம் இங்கே வெளிப்படுகிறது. தேடும் வேட்கை பல இலட்சம் மக்களுக்கு உரியதாக இருந்தது. அளிக்கப்பட்ட விடையோ ஒரு மனிதனின் மண்டையோட்டுக்குள் அடங்கிவிட்டது.

5

இனி மலையகத்தை நோக்குவோம். இலங்கையில் 35 மி.மீ. அளவில் ஆக்கப்பட்ட முதலாவது தமிழ்ப்படம் பி. எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' (1963). ஈழத்துத் தமிழ்ப்படத்தின் தொடக்கமே தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது. அப்படம் திரையிடப்பட்ட வேளையில், தோட்ட மக்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டிருந்தனர். அடுத்த ஆண்டிலே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. திரையில் கதைமாந்தராக ஏற்றுக்கொள்ளப்பட்ட மக்கள் அரசின் ஏட்டில் பிரசைகளாக ஏற்றுக்கொள்ளப்படாதிருந்தனர். 1975இல் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' வெளிவந்தது. மலையகத்தின் முதன்மையான எழுத்தாளருள் ஒருவரான தெளிவத்தை ஜோசப் அதற்குக் கதை வசனம் எழுதினார். தென்னிந்திய வணிகப் படத்தின் சாயல் அதில் இருப்பினும், தோட்ட மக்களை நோக்கி, அவர்களது சிக்கலைப் பற்றிப் பேச முனைந்த முயற்சி என்ற வகையில் அதற்கு வரலாற்று முதன்மை உண்டு.

இம்முயற்சிகளுக்கு அப்பால், மலைநாடு தமிழ்த் திரையில் இடம்பெற்ற முறை யாது? பாட்டுக்கும் காதலுக்கும் ஏற்ற குளிர்ந்த வெளியாக அது பயன்பட்டது. மர்மப்படத்தில் அதே வெளி அச்சத்தின் உறைவிடமாயிற்று. மட்டக்களப்பிலே பிறந்து புனேயிலே திரைக்கலை பயின்ற பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) இதற்குச் சிறந்த சான்று. உளநோயுற்ற கொலைஞன் பெண்ணொருத்தியைக் கடத்தி உதகமண்டலத்து வீட்டிலே அடைத்துவைக்கிறான். அப்படத்தின் ஒளிப்பதிவும் இசையும் இன்றும் வியக்கத்தக்கன. ஆயின் அங்கே பனியைக் கண்டு அஞ்சுபவர் யார் என்று வினவுதல் வேண்டும். அவர் சமவெளியிலிருந்து வந்தவர். அதே நீலகிரி மாவட்டத்திலே, இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டோருக்காக 1968இல் தொடங்கிய அரசு தேயிலைத் திட்டத்தின் மலைகளில், பூண்டுலோயாவையும் அட்டனையும் ஒத்த ஊர்களிலே பிறந்தோர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்குப் பனி, மர்மமன்று. காலை வேலையின் ஓர் உறுப்பு. அவர்களது அச்சங்கள் வேறிடத்தில் இருந்தன.

6

பூண்டுலோயா மாணவர் குழுவிடம் மீள்வோம். கட்டங்களை நிரப்பிய குழு எத்தகைய கதையை எழுதும் என்பதை ஊகித்தல் கடினமன்று. நகரத்து இளைஞர் சிலர் விடுமுறைக்கு மலைக்கு வருவர், பழைய துரை பங்களாவில் தங்குவர், பனி சூழும், பங்களாக் காவற்காரக் கிழவர் விளங்காத எச்சரிக்கையொன்றைக் கூறுவார், இரவில் ஓர் உருவம் அசையும். இக்கதையில் அறிவுப் பங்கீடு எவ்வாறுள்ளது? விடுமுறைக்கு வந்தவனே அறிய முற்படுபவன். தோட்டத்தவன் அறியப்படவேண்டிய மர்மத்தின் ஒரு பகுதி. மாணவனின் சொந்தத் தாத்தாவே திரையில் ஐயத்துக்குரிய உருவமாகிறார். இப்படத்தைத் தோட்டத்து மக்கள் கண்டு களித்தல் கூடும். ஆனால் தம்மைத் தாமே அந்நியராகக் காணும் இருக்கையிலிருந்தே களிப்பர். 'நகர்ப்புறம் சார்ந்தோர்' என எழுதிய சிறு சொற்றொடர் செய்யும் வேலை இது.

டன்சினன் என்னும் தோட்டம் பூண்டுலோயாவில் உள்ளது; அதன் பெயரைத் தாங்கிய நீர்வீழ்ச்சியும் உண்டு. ஸ்கொட்லாந்திலுள்ள மலையொன்றின் பெயர் அது. ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்திலே கொலைகாரனான மன்னன் தன் இறுதிக்காலத்தில் அரண்செய்து அமர்ந்திருக்கும் இடமும் அதுவே. அந்நாடகத்தில் மன்னனைக் கொன்றவன் யார் என்பது பார்வையாளருக்குத் தொடக்கத்திலேயே தெரியும். புதிர் எதுவும் இல்லை. ஆயினும் நானூறு ஆண்டுகளாக அது மக்களைப் பதைக்கச் செய்து வருகிறது. தோட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த இவ்வுதாரணம் ஒருபுறமிருக்க, லயத்து மக்களுக்குச் சொந்தமான உதாரணமொன்றும் உண்டு. மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்திலே, சிவன் காமனை எரிப்பான் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அறிந்தும் தோட்டமே விழித்திருந்து பார்க்கிறது. ரதி புலம்பும்போது பெண்கள் உண்மையாகவே கலங்குகின்றனர். முடிவை அறிந்துகொண்டு அதன் வருகையை எதிர்நோக்கிப் பதைக்கும் பயிற்சியைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்ற பார்வையாளர் இவர்கள். திடுக்கத்தை மட்டும் நம்பிய படம், இப்பயிற்சியை முற்றாக வீணாக்குகிறது.

அங்ஙனமாயின் லயத்துப் பார்வையாளரை நோக்கிய மர்மப்படத்தின் பொருள் யாது? பொருளுக்குப் பஞ்சமில்லை. கொழுந்து மடுவத்திலே நிறுக்கப்படும் கூடையின் எடையில் எத்தனை கிலோ எக்காரணத்தால் கழிக்கப்படுகிறது என்பது தராசின் அருகிலே நிற்பவருக்குத் தெரியும். கூடையைச் சுமந்து வந்தவளுக்குத் தெரியாது. அவளது பேர் முழுப்பேரா அரைப்பேரா என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கும். அறிவின் ஏற்றத்தாழ்வு இங்கே நாள்தோறும் காசாக மாறுகிறது.

இதனினும் கொடிய பொருளும் உண்டு. தோட்டத்துச் சிறுமியர் தரகர் வழியாகக் கொழும்பு வீடுகளுக்குப் பணிசெய்யச் செல்லுதலும், அவர்களுட் சிலர் உயிருடன் திரும்பாமையும் நாடறிந்த செய்திகள். இத்தகைய கதையொன்றை எண்ணிப் பார்ப்போம். மகள் கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது குரல் மாறியிருந்தது தாய்க்குத் தெரியும். முற்பணம் எவ்வளவு பெறப்பட்டது என்பது தரகருக்குத் தெரியும். பூட்டிய வாயிலின் பின்னால் நடந்தது வீட்டாருக்குத் தெரியும். எந்த வாக்கியம் எழுதப்பட்டது என்பது பொலிஸ் ஏட்டுக்குத் தெரியும். அவ்வேடோ தாய் வாசித்தறியாத மொழியில் இருத்தலும் கூடும். உண்மை முழுவதும் இருக்கிறது. ஆனால் அது வர்க்கத்தின் வழியே, மொழியின் வழியே, துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. மர்மப்படத்தின் இலக்கணத்துக்கு இதனினும் பொருத்தமான கதைநிலை வேறு உண்டா? 'ஊமை விழிகள்' பெண்கள் மறைந்த பின்னர் பத்திரிகையாளரைத் தேடச் செய்தது. பூண்டுலோயாப் படம், தாயையே தேடச் செய்யலாம். அவள் தேடும்போது அஞ்சும் இடங்களும் பார்வையாளருக்குத் தெரிந்த இடங்களாகவே இருக்கும்: தோட்ட அலுவலகத்தின் யன்னல், பொலிஸ் நிலையத்தின் வாங்கு, உயர்ந்த மதிலை உடைய வீட்டின் அழைப்புமணி.

இங்கே மொழியும் கருதத்தக்கது. தாய் தோட்டத்து வழக்கிலே பேசுகிறாள். தரகர் அவளிடம் ஒரு விதமாகவும் வீட்டாரிடம் இன்னொரு விதமாகவும் பேசுகிறார். பொலிஸ் நிலையத்திலே சிங்களம். இவ்வேறுபாடுகளை அழித்து எல்லோரையும் சென்னைத் திரைத்தமிழிலே பேசவைத்தால், கதையின் மர்மமே அழிந்துபோகும். யாருக்கு எது விளங்கவில்லை என்பதுதானே இங்கு கதை.

7

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது, இது பார்வையாளரைக் குறுக்கிவிடும் என்பது. தோட்டத்தாருக்கென ஆக்கிய படத்தைத் தோட்டத்தாரே பார்ப்பர்; மாணவர் முன்னேற வேண்டாமா என வினவுவோர் உளர். இம்மறுப்பு அனுதாபத்துடன் நோக்கத்தக்கது. பிழைப்பைத் தேடவேண்டிய நிலையிலுள்ள இளைஞரிடம் தூய்மை வாதம் பேசுதல் மத்தியதர வர்க்கத்தின் சொகுசு. ஆனால் மேலே கண்ட சான்றுகள் எதிர்மாறான உண்மையையே காட்டுகின்றன. தன் காலத்து மக்களின் அறியாமைக்கும் அச்சத்துக்கும் உரிய இடத்தைச் சரியாகக் கண்டுகொண்ட படமே, தான் நினையாத மக்களையும் சென்றடைந்தது. எல்லோருக்குமாக எடுக்கப்படும் விடுமுறைப் பங்களாக் கதையோ ஆயிரத்தில் ஒன்றாக மறைந்துவிடும். கொழும்புக் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர், நீலகிரியில் வாழும் அவர்தம் உறவினர், வீட்டுப்பணிக்காக மத்திய கிழக்குக்குச் சென்ற பெண்கள், தம் பிள்ளையை நகருக்கு அனுப்பிய சிங்களக் கிராமத்துத் தாய்மார் ஆகிய அனைவரும் அத்தாயின் இருக்கையில் அமரக்கூடியோரே. வயதுக் கட்டம் இவர்களை ஒன்றுசேர்க்காது, வாழ்நிலை ஒன்றுசேர்க்கும்.

இரண்டாவது, இவ்வாறு ஆக்கப்படுவது மர்மப்படமாக இராது, பிரசாரமாகிவிடும் என்பது. விடையை முதலில் வைத்துக்கொண்டு கதையை அதன்மேற் போர்த்தினால் அவ்வாறாதல் உறுதி. முற்போக்கு இலக்கியம் சில வேளைகளில் இத்தவறுக்கு ஆளாகியுள்ளது. 'சமுதாயமே குற்றவாளி' என்னும் இறுதி வசனம், 'உளநோயாளியே குற்றவாளி' என்னும் இறுதி வசனத்தைப் போலவே பார்வையாளரின் வேட்கையை அடக்கி வீட்டுக்கு அனுப்பிவிடும். மர்மப்படத்தின் ஒழுங்கு இங்கே கலைஞனுக்குத் துணைசெய்யும். ஒவ்வொரு சான்றும் உரிய நேரத்தில், உரியவரிடமிருந்து, உரிய விலையுடன் வருதல் வேண்டும் என அது வற்புறுத்தும். தாய் பெறும் ஒவ்வொரு துணுக்குத் தகவலுக்கும் அவள் எதனை இழந்தாள் என்பதைக் காட்டினாலே போதும். வர்க்கத்தைப் பற்றிப் பேச வேறு வசனம் வேண்டியதில்லை.

எனவே மாணவர் தம் எழுத்துப்படியின் முதற்பக்கத்தில் வயதையும் பாலையும் எழுதுவதற்குப் பதிலாக வேறு மூன்று வினாக்களை எழுதிக்கொள்ளலாம். உண்மையை முதலில் அறிபவர் யார்? இறுதியில் அறிபவர் யார்? அறிந்தும் சொல்ல இயலாதவர் யார்? இவற்றுக்கான விடையே படத்தின் பார்வையாளர் யார் என்பதையும் கூறிவிடும். படம் முற்றுப்பெறுமுன் அதன் முதல் தொகுப்பை நகரத்துப் போட்டிக்கு அனுப்புவதோடு அமையாது, வேலை முடிந்து, சமையலும் முடிந்த பின்னர், கோவில் முன்றலிலே திரையிட்டுப் பார்த்தலும் பயன்தரும். தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் பெண்கள். பகல் முழுவதும் மலையிலும் மாலை முழுவதும் அடுப்படியிலும் நிற்கும் அவர்களுக்கு உகந்த நேரத்திலே திரையிடப்படாத படம், அவர்களுக்காக ஆக்கப்பட்டது எனக் கூறுதல் வெறும் வாய்ப்பேச்சேயாகும். எவ்விடத்தில் அவர்கள் பேச்சை நிறுத்துகின்றனர், எவ்விடத்தில் ஆக்கியோர் அஞ்சுவர் என நினைத்த காட்சிக்கு நகைக்கின்றனர், எவ்விடத்தில் 'இப்படி நடக்காது' என்கின்றனர் என்பவற்றைக் குறித்துக்கொண்டு மீளத் தொகுத்தல் எந்த வினாக்கொத்தினும் மேலான ஆய்வாகும்.

மலையகம் இருநூறு ஆண்டுகளாகப் பிறரது ஏடுகளில் எண்ணாக எழுதப்பட்டு வந்துள்ளது. கப்பலேறியோர் தொகை, நாடுகடத்தப்பட வேண்டியோர் தொகை, ஒரு நாளிற் பறித்த கொழுந்தின் கிலோ என அவ்வெண்கள் நீள்கின்றன. அம்மக்களின் பிள்ளைகள் கையில் இன்று படக்கருவி உள்ளது. தம் பெற்றோரை மீண்டும் ஓர் எண்ணாக, 'இலக்கு' என்னும் கட்டத்திலோ அதற்கு வெளியிலோ எழுதிவிடுவதா, அல்லது கதையை அறியும் உரிமை உடையோராக அவர்களை முன்வரிசையில் அமர்த்துவதா என்பதை அப்பிள்ளைகளே தீர்மானித்தல் வேண்டும். பின்னதைத் தேர்ந்துகொள்வோரின் படங்கள் குறைபாடுகள் பலவற்றுடன் வரினும், ஈழத்துத் தமிழ்ப்படத்தின் வரலாற்றில் 'தோட்டக்காரி' தொடங்கி நிறைவுறாது நிற்கும் ஒரு பணியை முன்னெடுப்பனவாக அமையும்.